கதவண்ணை சொன்னதும் நான் சொன்னதும்

ரொறன்ரோவின் குளிர்காலத்தை நேருக்கு நேர் நின்று அதட்டிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் கதவண்ணை. நாங்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்து கோட்டுக்குள் ஒளிந்துகொண்டு திரிந்த காலத்தில், அவர் மட்டும் குளிரை, கேட்காமல் வீட்டுக்குள் புகுந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "நீ ஆர், எங்கால வந்தனீ?" என்று அதனிடம் கேட்டாலும் கேட்பார்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது. சீருடைச் சட்டையில் ஒரு பெயர் தைத்திருந்தது. வெள்ளைக்காரர்கள் வாய்க்கு வசதியாக வெட்டி வெட்டி அதில் மூன்று எழுத்துத்தான் மிச்சம் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் கதவண்ணைதான். இத்தனை வருடம் பழகியும் முழுப்பெயரைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் சொல்லவந்த வெட்கத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. நான் நகரத்தின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பாட்மென்டில் இருந்தேன். பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பொதுக் கட்டடம். பாதி நூலகம், பாதி முதியோர் கூடம். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கதவண்ணை அங்கே பராமரிப்பு வேலை பார்த்தார். கூட்டுவது, துடைப்பது, பல்ப் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் தன் உண்மையான உத்தியோகம் கதவு சாத்துவதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

தமிழர் என்றால், "கதவைச் சாத்துங்கோ!" என்று கத்துவார். மற்றவர்களுக்கு ஒரே சொல்: "டோர்!" அந்த ஒரு சொல்லிலே வேண்டுகோள், எச்சரிக்கை, சாபம் மூன்றும் இருக்கும். ஒருமுறை தேர்தலுக்கு நின்ற ஒரு பெரிய மனிதர், பத்திரிகைப் படத்துக்காகத் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை உறைகுளிர். கதவண்ணை ஒரு நிமிடம் பொறுத்தார். பிறகு போய் அவருடைய கழுத்து ரையைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல உள்ளே இழுத்தார்.

"இன் ஓர் அவுட். நோ மிடில்."

அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். இதனால்தான் தோற்றார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவண்ணை அப்படித்தான் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் மீனுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் குளிரறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். ஆரைக் கூப்பிட்டாலும் "ஐசே" என்றுதான் தொடங்குவார். அது அந்தத் தொழிற்சாலைப் பழக்கமோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

"ஐசே, குளிரை உள்ளுக்கை வைச்சிருக்கிறதும் வெளியில வைச்சிருக்கிறதும் ஒரே வேலைதான். அங்க வெக்கை கள்ளன், இஞ்ச காத்துக் கள்ளன். ரெண்டு கள்ளனும் வாறது கதவாலதான்."

கள்ளனைப் பிடிக்க அவரிடம் இருந்த ஆயுதம் ஊதுபத்தி. அதைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு ஜன்னல் ஓரமாகவும் மெல்ல நடப்பார். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று நுழைகிறது. உடனே பையிலிருந்து பஞ்சோ நாடாவோ எடுத்து அடைப்பார். முதியோர் கூடத்து அன்ரிமார் இதைப் பூசை என்று நினைத்து எழுந்து நின்று கும்பிடுவார்கள். ஒருநாள் புகை கூடி நெருப்பு மணி அடித்துவிட்டது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். கதவண்ணை கடைசி ஆள் வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு, "நல்லதாப் போச்சு, ஒருத்தரும் இல்லாத நேரம்தான் வடிவாப் பாக்கலாம்" என்று ஊதுபத்தியோடு மறுபடி நடக்கத் தொடங்கினார். தீயணைப்புப் படையினர் வந்து அவரையும் ஊதுபத்தியையும் சேர்த்து வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரை நான் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போய்விடுவேன். ஏனென்றால் அப்போது நான் பெரிய ஆள். கல்லூரியில் கட்டட வரைபடம் கீறப் படித்து, நகரத்துக்குள் ஒரு சிறிய கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே நான் ஒருவன்தான் தமிழன். மதியச் சாப்பாட்டுக்குப் புட்டுக் கொண்டுபோகாமல் சான்ட்விச் கொண்டுபோனேன். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

என்னுடைய கெட்ட காலம், கதவண்ணையின் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. குளிர்காலத்தில் குறைந்த எரிபொருளில் சூடாக இருக்க வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. என்னுடைய மேலதிகாரி மார்கரெட் நல்ல கெட்டிக்காரி. சுவரைத் தடிப்பாக்கினார். இரட்டைக் கண்ணாடி போட்டார். வெளியே போகும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் இயந்திரம் வைத்தார். வாசல் பகுதியை மட்டும் என்னிடம் தந்தார். நானாகக் கீறிய முதல் பகுதி அது.

குளிர்நாட்டுப் பொதுக் கட்டடங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு இருக்கும். நடுவில் ஒரு சின்னக் கூடு. ஒரு கதவு மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். அப்படியென்றால் காற்று நேரே உள்ளே பாயாது. நானும் இரண்டு கதவு கீறினேன். அழகுக்காகக் கூட்டைக் குட்டையாக்கினேன். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி வாசலைத் திருப்பினேன். உள்ளே இரண்டு மாடி உயரத்தில் கண்ணாடி மண்டபம். அந்த வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டி, தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தேன்.

கட்டுவதற்கு முன்னால் ஊராரிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். மார்கரெட் வரைபடங்களைத் தொங்கவிட்டுப் பேசி முடித்தார். "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். பின்வரிசையில் கதவண்ணை எழுந்தார். என்னைக் கண்டுவிட்டார்.

"அட, எங்கட தம்பி! ஐசே, நான் தமிழில சொல்லுறன், நீர் அவைக்கு இங்கிலிசில சொல்லும்."

நூறு கண்கள் என் பக்கம் திரும்பின. சாம்பல் நிறச் சீருடையும் இடுப்பில் தொங்கும் கதவுகளின் திறப்புக் கோர்வையுமாக அவர் கிலுங்கிக் கிலுங்கி முன்னால் வந்தார். காதில் பாதி எரிந்த ஊதுபத்தி ஒன்று செருகியிருந்தது. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

"இஞ்ச பாருங்கோ. நல்ல தேர்மஸ் போத்தில் செய்திருக்கிறியள். சுவர் வடிவு, கண்ணாடி வடிவு. ஆனா மூடியை மறந்திட்டியள். வாசல் வடமேற்கைப் பாத்துக்கொண்டு நிக்குது. மாசி மாசக் காத்து உங்காலதான் வரும். நீங்கள் நிறைகுடம் வைச்சு அதைக் கூப்பிடுறியள். ரெண்டு கதவுக்கும் இடையில ரெண்டு எட்டு வைக்க இடமில்லை. பிள்ளை வண்டிலோட ஒரு மனிசி வந்தா, வண்டில் உள்கதவில, மனிசி வெளிக்கதவில. ரெண்டும் ஆவெண்டு திறந்திருக்கும். உங்கட மண்டபம் வேற ரெண்டு மாடி உயரம். சூடு மேல ஏறும். அது ஏறேக்கை கீழால குளிரை உறிஞ்சும், புகைக்கூடு மாதிரி. இதைக் கீறினவன் ஒரு நாளும் பிள்ளை தூக்காதவன்!"

இன்னும் பேசினார். ஐஸ் தொழிற்சாலையின் கதவைக் கையால் நடித்துக் காட்டினார். பத்து நிமிடம் போனது. கடைசியில் என்னைப் பார்த்து, "சொல்லும்" என்றார்.

நான் மார்கரெட்டைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அது என்னுடைய வாய்தான், வேறு யாருடையதும் அல்ல.

"புதிய கட்டடம் அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். முக்கியமாக, வாசல்."

அவருக்குப் பிடிபடக்கூடாது என்று வெள்ளைக்காரனைவிட வேகமாகச் சொன்னேன். மார்கரெட் புருவத்தை உயர்த்தினார். "இவ்வளவு நேரம் பேசினாரே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டாள். கதவண்ணை அந்தக் கைதட்டலைக் கேட்டு அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது. வெளியே வரும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்த நாட்டுக்கு வந்து இண்டைக்குத்தான் நான் சொன்னதை நாலு பேர் கேட்டுக் கை தட்டியிருக்கினம். நீர் நல்லாச் சொல்லியிருக்கிறீர்."

அன்று நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கட்டி முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் கதவண்ணை, "வாசலைத் திருப்பப்போயினம், நான் சொல்லிப்போட்டன்" என்று அன்ரிமாருக்கும் பஸ் டிரைவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைச் சந்திக்காமல் இருக்க நான் ஒரு தரிப்பிடம் தள்ளி பஸ் ஏறினேன். திறப்பு விழா அன்று அவர் புதுச் சீருடையோடு வந்து, வாசலுக்கு முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்தார். கூட்டுக்குள் காலால் அளந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, அவைக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது அண்ணை. செலவு கூடவாம்."

அது இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

குளிர்காலம் வந்தது. தடித்த சுவர், இரட்டைக் கண்ணாடி, சூடு பிடிக்கும் இயந்திரம் எல்லாம் சொன்னபடி வேலை செய்தன. ஆனால் வாசல் வழியாக வடமேற்குக் காற்று வந்து, நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துவிட்டுப் போனது. வாசல் மேசையில் இருந்த நூலகப் பெண் விரல்நுனி வெட்டிய கையுறையோடு புத்தகத்துக்கு முத்திரை குத்தினாள். பனித்தூள் சமையல் புத்தக அடுக்குவரை பறந்தது. அதை அள்ளி அள்ளிக் கதவண்ணையின் இடுப்பு ஒடிந்தது. கூட்டுக்குள் விழுந்த பனி காலில் மிதிபட்டு, உருகி, அடுத்த காற்றில் கண்ணாடிபோல இறுகியது. அவர் துடைப்பார். திரும்புவதற்குள் மறுபடி இறுகும்.

ஒருநாள் காலை, முதியோர் கூடத்துக்கு வந்த செல்லம் அன்ரி அதில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கதவண்ணை என் அப்பாட்மென்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். "தம்பி படிச்சனீர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

வாசித்தேன். தரையை ஈரமில்லாமல் வைத்திருக்கத் தவறியது அவருடைய கவலையீனம் என்று அவருடைய மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை.

கதவண்ணை கோபப்படவில்லை. ஒருவகை உற்சாகத்தோடுதான் இருந்தார். "இதுக்கு நாங்கள் பதில் எழுதுவம். நான் அண்டைக்கே கூட்டத்தில சொன்னனான்தானே? ஒரு பிள்ளை எழுதினவள். அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டினாக் காணும், வேறொண்டும் தேவையில்லை. நீர்தானே சாட்சி."

அந்தப் பேப்பர் எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'பராமரிப்பாளருக்கு வாசல் மிகவும் பிடித்திருக்கிறது.'

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவர் பேசியது, நான் பேசியது, கைதட்டல் எதற்கு, செலவு என்று சொன்னது பொய், அந்த வாசலைக் கீறினது நான். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் பனி உருகத் தூவும் உப்பின் கறை வெள்ளையாகப் படிந்திருந்தது.

அவர் கடிதத்தை நாலாக மடித்தார். கோட்டை எடுத்துப் போட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். தொப்பி வைத்தார். எழுந்து போனார்.

கதவைச் சாத்தாமல் போனார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய வாழ்நாளில் அவர் திறந்தபடி விட்டுப்போன ஒரே கதவு என்னுடையதாகத்தான் இருக்கும். நெடுநேரம் எழுந்து போய் அதைச் சாத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் நானே அவரைத் தேடிப் போனேன். வாளியும் துடைப்பமுமாக நின்றார். திரும்பிப் பார்க்காமலே, "சனிக்கிழமை காலமை வாரும்" என்றார். "கோட் போட்டுக்கொண்டு வாரும்."

சனிக்கிழமை என்னை இரண்டு கதவுக்கும் நடுவில் நிறுத்தினார். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் தந்தார். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட வேண்டும். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை நின்றேன். பிள்ளை வண்டிலோடு தாய்மார் வந்தார்கள், சக்கர நாற்காலிகள் வந்தன, ஊன்றுகோல்கள் வந்தன, கூட்டமாகப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு கதவும் ஆவென்று திறந்தன. காற்று என் காதைத் தேடிவந்து கடித்தது. ஒவ்வொரு கோடும் நான் கீறிய கோட்டுக்குத் தண்டனைபோல விழுந்தது. கதவண்ணை எனக்கு ஒரு கோப்பை தேநீர்கூடத் தரவில்லை.

அன்ரிமார் இருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"உவர் ஏன் உதுக்கை நிக்கிறார்? என்ன பிழை செய்தவர்?"

"உவர்தானாம் உதைக் கட்டினவர்."

"அப்ப நிக்கட்டும்."

திங்கட்கிழமை மார்கரெட்டிடம் போய் ஒரு கூட்டம் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். "மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நடந்துவிட்டது" என்றேன். உண்மையைச் சொல்லப் போகிற இடத்திலும் எப்படி மினுக்கிச் சொல்கிறேன் பாருங்கள்.

கூட்டத்துக்கு மார்கரெட், கடிதம் எழுதிய மேற்பார்வையாளர், கையுறையோடு நூலகப் பெண், நான். கதவண்ணை சீருடையை விட்டுக் கோட்டும் ரையுமாக வந்திருந்தார். இந்த முறை அவர் பத்து நிமிடம் பேசவில்லை. ஒரு வசனம் சொல்வார். நிறுத்துவார். என்னைப் பார்ப்பார். "சொல்லும்." நான் சொன்ன பிறகுதான் அடுத்த வசனம்.

தேர்மஸ் போத்திலைச் சொன்னேன். மூடியைச் சொன்னேன். வடமேற்குக் காற்று, நிறைகுடம், பிள்ளை வண்டில், புகைக்கூடு, ஒன்றும் விடவில்லை. கோடு போட்ட கொப்பியை மேசையில் வைத்தேன்.

"இதைக் கீறினவன் பிள்ளை தூக்காதவன். சொல்லும்."

சொன்னேன்.

"போனமுறையும் நான் இதைத்தான் சொன்னனான். சொல்லும்."

சொன்னேன். மார்கரெட் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு இந்தத் தம்பி அதை மாத்திச் சொன்னவர். சொல்லும்."

"அண்ணை, அதை நான் அவவிட்டைத் தனியச் சொல்லுறன்."

"இல்லை. நான்தான் சொல்லுறன். நீர் மொழிபெயரும்."

மொழிபெயர்த்தேன். "தான் சொன்னதை அன்று இந்த இளைஞர் மாற்றிச் சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்."

மார்கரெட் சுற்றிப் பார்த்தார். "எந்த இளைஞர்?"

"நான்தான்" என்றேன். இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் எடுத்திருந்தது.

கதவண்ணை இன்னும் முடிக்கவில்லை. மெதுவாக, "திரும்பி வந்து உண்மையைச் சொன்னதும் இவர்தான். இவரை வேலையால நிப்பாட்ட வேண்டாம். சொல்லும்" என்றார்.

நான் அதைச் சொல்லாமல் மேசையில் இருந்த கொப்பியைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். பார்த்தார். பிறகு தானே மார்கரெட் பக்கம் திரும்பி, "குட் பாய். நோ ஃபயர்" என்றார்.

மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நெருப்பா? மறுபடியும் ஊதுபத்தியா?"

மார்கரெட் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதை அடக்கப்போய் விக்கல் எடுத்தது.

வெளியே போய் எல்லோரும் வாசலில் நின்றார்கள். கதவண்ணை ஊதுபத்தி கொளுத்திக் காட்டினார். புகை அடிபட்ட நாய்போல உள்ளே ஓடியது. மார்கரெட் குனிந்து கூட்டைக் காலால் அளந்தார், கதவண்ணை அளந்த அதே மாதிரி. பிறகு அவரிடம் நேரே, நிறுத்தி நிறுத்திக் கேட்கத் தொடங்கினார். அவர் கையாலும் காலாலும் நாலு ஆங்கிலச் சொல்லாலும் பதில் சொன்னார். இருவருக்கும் நன்றாகவே விளங்கியது. நான் அங்கே தேவைப்படவில்லை.

கடிதத்தை மீளப் பெற்றார்கள். கூட்டக் குறிப்பைத் திருத்தினார்கள். மார்கரெட் என்னை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னவற்றை இங்கே எழுதமாட்டேன், அவ்வளவும் நியாயமானவை. ஒரு வருடம் எந்தக் கூட்டத்துக்கும் என்னை அழைத்துப் போகவில்லை. ஆனால் அந்த வாசலை நானேதான் திரும்பக் கீற வேண்டும் என்றார். தெற்குப் பக்கம் திருப்பி, கூட்டை நீட்டி, ஒரு கதவு மூடும்வரை வண்டில் நடந்துகொண்டே இருக்கும்படி கீறினேன். மண்டபத்தின் நடுவே கண்ணாடித் தடுப்பு ஒன்று போட்டோம். அடுத்த மாசியில் கதவண்ணை ஊதுபத்தியோடு வந்தார். புகை நேரே மேலே எழுந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "காணும்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ, மறந்தேன் என்றோ ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செல்லம் அன்ரியின் மணிக்கட்டு கோணலாகத்தான் பொருந்தியது. கோயிலில் கண்டால் இடக்கையால் எனக்கு விபூதி பூசிவிடுவார். அவருக்கு முழுக்கதையும் தெரியும். அதனால்தான் அந்தக் கை என் நெற்றியைத் தொடும்போதெல்லாம் நான் நிலத்தைப் பார்ப்பேன்.

கதவண்ணை ஓய்வு பெற்று, பக்கத்து நகரமான பிறம்ரனில் மகளோடு போய் இருந்தார். நான் எப்போதாவது போவேன். அவர் அதிகம் பேசமாட்டார். ரிவியில் காலநிலை அறிக்கை பார்ப்போம். பிறகு புறப்படுவேன். ஒருமுறை போனபோது அவர் கட்டிலில் நல்ல நித்திரை. எழுப்ப வேண்டாம் என்றேன். மகள் தேநீர் போட்டுத் தந்துவிட்டு, "அப்பா உங்களைப் பற்றித்தான் எல்லாருக்கும் சொல்லுவார்" என்றாள்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். இந்த மனிதர் என்னைப் பற்றிச் சொல்ல என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"கனடாவில தனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான் எண்டு சொல்லுவார்."

வெளியே வந்து காரில் ஏறினேன். கொஞ்ச நேரம் கார்த் திறப்பைப் போடாமல் அப்படியே இருந்தேன். கண்ணாடியில் பனி விழுந்து மூடிக்கொண்டிருந்தது, எனக்குக் குளிரவில்லை.